பழைய ஜீப் பிக்கப்: பின் ஆக்சிலைப் பிரிச்சுக் கட்டறதா, தூக்கிட்டு வேற போடறதா?

பாலக்கோடு பிக்கப்:
வணக்கம். வண்டி 1968 மஹிந்திரா ஜீப், பின்னால பிக்கப் தொட்டி. ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யுது. பின் ஆக்சில் ஸ்பைசர் 44, உள்ள பெரிய பல்சக்கரம் (கிரவுன்) 43 பல், அதை ஓட்டற சின்னது (பினியன்) 8 பல், ரேஷியோ 5.38. நாலு வீல்லயும் 9 இன்ச் ட்ரம்.

மூணு தொந்தரவு. வலது பின் ட்ரம்முக்குள்ள ஏதோ கசிஞ்சு லைனிங் ஊறிக் கிடக்கு. ஜாக்கி போட்டு வீலை இழுத்தா உள்ள-வெளிய ஆட்டம். தொப்பூர் கணவாய்ல பாதி இறக்கம் தாண்டினதும் பெடல் தரைக்குப் போகுது. ஏத்தறது தீவனம், சுமை 300 கிலோ தாண்டாது. பட்டறையில ஆக்சிலையே மாத்தச் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

ஓசூர் கியர்:
பட்டறைக்காரர் சொன்னது சரி. அந்த ஆக்சில்ல ஷாஃப்ட்டோட வெளிமுனை டேப்பர், அதாவது கூம்பு மாதிரி குறுகும். அதுமேல ஹப், சுத்தாம பிடிக்கற ஆப்பு மாதிரி ஒரு கீ, ஒரு நட்டு, ஒரு ஸ்ப்ளிட் பின். வீலைப் பிடிச்சு வெச்சிருக்கறது அவ்வளவுதான். கீ உட்காரற பள்ளத்தோட (கீவே) மூலையில விரிசல் விட்டு ஷாஃப்ட் முறிஞ்சா ட்ரம்மோட வீல் தனியா ரோட்டுல ஓடும். இப்போ வர்ற பிக்கப் ஆக்சில் ஒண்ணு பழைய இரும்புக் கடையில எடுத்து, ஸ்பிரிங் பேட் இடம் மாத்தி வெல்டு அடிச்சு, யு-போல்ட் போட்டா ரெண்டு நாள் வேலை. முனையில வட்டத் தட்டு ஒரே துண்டா இருக்கற ஃப்ளாஞ்ச் ஷாஃப்ட், பெரிய பிரேக், பேரிங் எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் கடைசல்:
ரெண்டு நாள் வேலையா? வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்.

இந்த ஜீப்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரிச்சுக் கொடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவுல வெளிய வராது, வலது பக்கம் தள்ளி வரும். அதுக்கு ஏத்த மாதிரி பின் ஆக்சில்ல கிரவுன்-பினியன் இருக்கற கூண்டும் வலது பக்கம் தள்ளித்தான் இருக்கு. நடுவுல கூண்டு இருக்கற ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டினா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கவாட்டுல கோணலா நிக்கும். ஜீப்புக்குப் பின் ஷாஃப்ட் நீளம் ரொம்பக் குறைவு, குட்டை ஷாஃப்ட்டுல கோணம் இன்னும் கூடும். ஷாஃப்ட் மூட்டுல இருக்கற யுஜே கிராஸ் மாசத்துக்கு ஒண்ணு போகும்.

ரெண்டாவது ரேஷியோ. முன் ஆக்சில்ல 5.38 இருக்கறப்ப பின்னால வேற ரேஷியோ போட்டு ஃபோர் வீல்ல கெட்டி ரோட்டுல ஓட்டினா முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு முறுக்கும். சேத்துல சறுக்கித் தப்பிக்கும், தார் ரோட்டுல டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்தான் விலை கொடுக்கும்.

ஓசூர் கியர்:
முன் ஷாஃப்ட்டைக் கழட்டி வெச்சா ரேஷியோ பேச்சே இல்லை. 300 கிலோ தீவனம் ஏத்தறவருக்கு ஃபோர் வீல் எதுக்கு? கோணம் தொந்தரவுன்னா கூண்டு தள்ளி இருக்கற ஆக்சிலாப் பார்த்து எடுக்கலாம். பழைய டீசல் ஜீப்ல வந்தது கிடைக்குது.

இன்னொண்ணு யாரும் பேசலை. இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் பின் வீல்ல கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால சின்ன ட்ரம், அது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பக்க ஆக்சில் ஷாஃப்ட் முறிஞ்சா டிஃபரன்ஷியல் சும்மா சுத்தும், ஹேண்ட் பிரேக்கும் போச்சு. கால் பிரேக்கோ ஒரே சர்க்யூட். ஒரு பக்க வீல் சிலிண்டர்ல ரப்பர் கப் கிழிஞ்சா நாலு வீலும் போச்சு. இப்படி ஒண்ணு போனா எல்லாம் போற ஏற்பாட்டைப் "பழைய அழகு"ன்னு காப்பாத்தணுமா?

காவேரிப்பட்டணம் கடைசல்:
ஹேண்ட் பிரேக் விஷயம் முழுக்க நியாயம். பாலக்கோடு தம்பிக்கு இப்பவே ஒரு எச்சரிக்கை: ஒரு பின் வீலை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினாலே இந்த ஹேண்ட் பிரேக் பிடிக்காது. தூக்கின வீல் சுத்தும், தரையில இருக்கறது உருளும். முன் வீல் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுட்டு அப்புறம் கையை வைங்க. சேஸிஸ் ஸ்டாண்டு மேல நிறுத்துங்க, ஹாலோ பிளாக் வேண்டாம்.

ஆனா ஷாஃப்ட் முறியற பயத்துக்கு ஆக்சிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சோதிச்சாப் போதும். ஷாஃப்ட்டைத் துடைச்சு, டேப்பர்லயும் கீவேலயும் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, நல்லாத் துடைச்சு, சுண்ணாம்புக்கட்டியைத் தேச்சு விடுங்க. விரிசல் இருந்தா மண்ணெண்ணெய் வெளிய ஊறி வெள்ளை மேல கோடா நிக்கும். கோடு தெரிஞ்சா அந்த ஷாஃப்ட் பழைய இரும்பு, வெல்டு பேச்சே கூடாது.

கீ பள்ளத்துல தளர்வா உட்கார்ந்தா கீயை மாத்தணும். ஹப் டேப்பருக்கு, எங்க படுதுன்னு காட்டற நீல மை தடவி ஒட்டிப் பாருங்க. சுத்திலும் நீலம் பரவலாப் படியணும், ஒரு வளையமா மட்டும் பட்டா அந்த ஹப் நட்டு இறுக்கத்துலதான் நிக்குது. கீவே மூலையில வெட்டு விழறதே அதனாலதான். டேப்பர் இழுக்க வேண்டிய பாரத்தைக் கீ இழுக்குது.

பாலக்கோடு பிக்கப்:
ட்ரம் கழட்டவே வரலை. ஷாஃப்ட் முனையில சுத்தியல் போடலாமா?

காவேரிப்பட்டணம் கடைசல்:
கூடவே கூடாது. முனையில அடிக்கற அடி ஷாஃப்ட் வழியா நடுவுல இருக்கற த்ரஸ்ட் பிளாக்குக்குப் போய், அங்கிருந்து அடுத்த பக்க பேரிங்குக்குப் போகும். மரையும் காளானாகும். வீல் ஸ்டட்ல மாட்டற ஹப் புல்லர் வாடகைக்கு எடுங்க. நட்டை முழுசாக் கழட்டாம ரெண்டு மரை விட்டு வைங்க. டேப்பர் விடறப்ப துப்பாக்கி மாதிரி "டப்"புன்னு விடும், நட்டு இல்லைன்னா ட்ரம் உங்க முழங்கால்ல. புல்லரை இறுக்கி ராத்திரி முழுக்க விட்டுட்டா காலையில தானா விட்டிருக்கறதும் உண்டு. கேஸ் கட்டிங் டார்ச் காட்டினா சீல் கருகும், பேரிங் கிரீஸ் ஓடும்.

இடது பக்க வீல் நட்டு பழைய வண்டியில இடது மரையா இருக்கலாம். ஸ்டட் முனையில குறி இருக்கான்னு பார்த்துட்டு ஸ்பேனரைப் போடுங்க. ஸ்டட்டை முறிச்சுட்டு "துரு"ன்னு சொல்றவங்க நிறைய.

தொப்பூர் இறக்கம்:
ஆக்சில் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். பெடல் தரைக்குப் போறதுக்கும் ஆக்சிலுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். மூணு விதமாப் பிரிச்சுப் பாருங்க.

சூட்டுல பெடல் தாழ்ந்து, ரெண்டு தடவை பம்ப் பண்ணினா மேல வந்து கெட்டியா நின்னா, ட்ரம் சூடாகி விரிஞ்சு ஷூவை விட்டு விலகிடுச்சு. ஷூ இடைவெளி ஏற்கெனவே அதிகம், இல்லை ட்ரம் கடைஞ்சு கடைஞ்சு மெலிஞ்சுபோச்சு. பம்ப் பண்ணியும் பஞ்சு மாதிரி இருந்தா ஃப்ளூயிட் கொதிச்சு ஆவியாயிடுச்சு. காலை அழுத்தி வெச்சிருக்கறப்ப மெதுவா இறங்கிட்டே போனா மாஸ்டர் சிலிண்டர் கப் தேய்ஞ்சிருக்கு. பெடல் கல்லு மாதிரி நின்னு வண்டி மட்டும் நிக்கலைன்னா அது நாலாவது சங்கதி, லைனிங் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கு.

ஃப்ளூயிட் காத்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஃப்ளூயிட் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறினப்புறம் 140-தான் கணக்கு. டாட் 4 போட்டா 230, ஈரத்தோட 155. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தாதவங்க தொப்பூர்ல இறங்கக்கூடாது. எந்த கியர்ல ஏறுமோ அதே கியர்ல இறக்குங்க, நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கறது வேண்டாம்.

ஓசூர் கியர்:
அதான் நானும் சொல்றேன். ட்ரம்னாலே சூட்டுல விரியும். டிஸ்க் சூட்டுல பேட் பக்கம் தடிக்கும், பெடல் தாழாது. முன்னால டிஸ்க் போட்டா தொப்பூர் ஒரு விஷயமே இல்லை.

காவேரிப்பட்டணம் கடைசல்:
முன் டிஸ்க்குக்கு நான் எதிரி இல்லை, கேள்வி பின் ஆக்சில் பத்தி. பின்னால டிஸ்க் போட்டுட்டு ட்ரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரையே விட்டா, அதுல இருக்கற செக் வால்வு லைன்ல கொஞ்சம் பிரஷரை எப்பவும் பிடிச்சு வைக்கும். ட்ரம்ல அது கப் உதடு சுருங்காம இருக்க வேணும். டிஸ்க்ல பேட் உரசிட்டே சூடேறும். இதை விட்டுட்டு "டிஸ்க் போட்டும் சூடாகுது"ன்னு வர்ற வண்டி பார்த்தாத் தெரியும்.

பாலக்கோடு பிக்கப்:
ட்ரம் வந்துடுச்சு. விரிசல் கோடு இல்லை. ட்ரம்முக்குள்ள இருக்கறது கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

காவேரிப்பட்டணம் கடைசல்:
ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விடுங்க. கலந்துபோனா பிரேக் ஃப்ளூயிட், வீல் சிலிண்டர் கப் போச்சு. மிதந்தா கியர் ஆயில், உள் சீல் போச்சு. கந்தக வாடையே சொல்லிடும்.

பாலக்கோடு பிக்கப்:
மிதக்குது.

காவேரிப்பட்டணம் கடைசல்:
அப்போ சீல் வாங்கறதுக்கு முன்னால ஆக்சில் மேல காத்து போக வெச்சிருக்கற சின்ன மூடி, ப்ரீதரைக் கழட்டி ஊதிப் பாருங்க. மண் அடைச்சிருந்தா ஓடற சூட்டுல கூண்டுக்குள்ள காத்து விரிஞ்சு, போக வழியில்லாம சீல் உதட்டைத் தள்ளிட்டு ஆயிலோட வெளிய வரும். இதைப் பார்க்காம ஒரே வருஷத்துல மூணு சீல் மாத்தினாலும் கசிவு நிக்காது. ஆயில் அளவும் பாருங்க, சமதரையில நிரப்பற துளை விளிம்பு வரை, அதுக்கு மேல வேண்டாம். ஹைபாய்ட் பல்லுங்கறதால இபி 90 கியர் ஆயில், ஜிஎல்-5 தரம். அதே ஆயிலைப் பழைய கியர்பாக்ஸுக்கு ஊத்தாதீங்க, உள்ள இருக்கற பித்தளைக்கு ஆகாது.

இந்த ஆக்சில்ல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சீல். உள் சீல் கியர் ஆயிலைத் தடுக்கும், வெளி சீல் கிரீஸைத் தடுக்கும். நடுவுல பேரிங் கிரீஸ்ல ஓடும், கியர் ஆயில்ல இல்லை. ஷாஃப்ட்டுல சீல் உதடு படற இடத்தில நகத்தை ஓட்டுங்க. பள்ளம் நகத்துல சிக்கினா புது சீலும் கசியும். மெல்லிய ஸ்லீவ் ஏத்துங்க, இல்லைன்னா சீலை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி அடிச்சு உதடு புது இடத்துல உட்காரற மாதிரி பண்ணுங்க.

இப்போ அந்த ஆட்டம். பேக் பிளேட்டுக்கும் ஆக்சில் குழாய் முகத்துக்கும் நடுவுல மெல்லிய தகடு (சிம்) அடுக்கு இருக்கும். எந்தப் பக்கத்தது எந்தப் பக்கம்னு கம்பியில கோத்துக் கட்டி வைங்க. ரெண்டு ஷாஃப்ட்டோட உள்முனையும் நடு த்ரஸ்ட் பிளாக்கைத் தொட்டு நிக்கறதால, ஒரு பக்கம் டயல் கேஜ் வெச்சாலே ரெண்டு பக்க மொத்த ஆட்டமும் வரும். 4 தவ் (ஒரு தவ்ங்கறது இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பாகம்), அதாவது 0.1 மி.மீ. பக்கம் வைங்க. அதிகமா இருந்தா சிம்மை ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும். ஒரே பக்கம் எடுத்தா பிளாக் ஒரு ஓரமாத் தள்ளி நிக்கும். ஆட்டமே இல்லாம இறுக்கினா சூட்டுல ஷாஃப்ட் நீண்டு பேரிங் கருகும். புது பேரிங் போட்டா பழைய சிம் கணக்கு செல்லாது, மறுபடி அளக்கணும்.

ஓசூர் கியர்:
கிரவுன்-பினியனைப் பத்தி வாயே திறக்கலையே. அம்பது வருஷப் பல்லு. அதைச் செட் பண்ற ஆள் தர்மபுரியில எத்தனை பேர்?

காவேரிப்பட்டணம் கடைசல்:
ஊளை சத்தம் இல்லைன்னா தொடாதீங்கன்னுதான் வாய் திறக்கலை. பின் கவரைக் கழட்டி பல்லுக்குப் பல் இருக்கற ஆட்டம் (பேக்லாஷ்) பாருங்க, 0.13-லிருந்து 0.23 மி.மீ. வரை இருந்து, பல் முகத்துல உதிர்வு இல்லைன்னா மூடிடுங்க. ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்ச ஜோடி அது. பிரிச்சே ஆகணும்னா பேரிங் கேப் ரெண்டுக்கும் பன்ச்ல இடது வலது குறி வைங்க, மாத்திப் போட்டா துளை வட்டமா வராது. பேக்லாஷ் மாத்தறப்ப ஒரு பக்கம் எடுத்த சிம் அப்படியே அடுத்த பக்கம் போகணும், மொத்தம் மாறக்கூடாது. புது பினியன் பேரிங்குக்கு முன்னாலயே கொடுக்கற இறுக்கம் (ப்ரீலோட்) சீல் போடாம சுத்திப் பார்க்கறப்ப 20-லிருந்து 40 இன்ச்-பவுண்டு. இதுக்கு டயல் கேஜும் பொறுமையும் இருக்கற ஆள் வேணும்ங்கறது உண்மைதான், ஒத்துக்கறேன்.

தொப்பூர் இறக்கம்:
பிரேக் பக்கம் நான் சொல்லிடறேன். ஆயில் ஊறின லைனிங்கை பெட்ரோல்ல கழுவிப் போடாதீங்க, சூடானா உள்ளிருந்து மறுபடி கசியும். ரெண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு போடணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும். நீள லைனிங் இருக்கற ஷூ முன்பக்கம், குட்டை பின்பக்கம். ரிவெட் நடுவுல இருந்து ஓரத்துக்கு அடிங்க, ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல லைனிங் உப்பி நிக்கும். பழைய லைனிங் தூள்ல கல்நார் இருக்கும், ஏர் அடிச்சு ஊதாம ஈரத்துணியில துடைங்க.

ட்ரம் புதுசுல 228.6 மி.மீ. கடைசல்ல 1.5 மி.மீ. வரைதான் பெருக்கலாம், 230.1 தாண்டினா தூக்கிப் போடுங்க. கடைஞ்ச ட்ரம்முக்கு ஷூ வளைவும் சேரணும். சேரலைன்னா நடுவுல மட்டும் பட்டு, "புது லைனிங் போட்டும் நிக்கலை"ன்னு திரும்பி வருவீங்க. ஷூ இடைவெளி கீழே ஆங்கர் பக்கம் 5 தவ், மேல சிலிண்டர் பக்கம் 8 தவ். பெடல்ல அரை இன்ச் ஃப்ரீ ப்ளே கட்டாயம். இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர்ல சின்னத் துளை திறக்காது, ஃப்ளூயிட் திரும்பாது, ஷூ உரசிட்டே தொப்பூருக்கு வருவீங்க.

ஓசூர் கியர்:
ஒரே சர்க்யூட்டுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை.

காவேரிப்பட்டணம் கடைசல்:
அதுக்கு ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னுக்கு ஒரு லைன், பின்னுக்கு ஒரு லைன். ஆக்சிலை வெட்டாமலே செய்யலாம். இந்த ஒரு விஷயத்துல உங்க பக்கம்தான்.

ஆனா வேற ஆக்சில், வெல்டுன்னு போனா ஆர்.டி.ஓ. கதையும் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறக்கூடாதுங்குது. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வந்த விண்டேஜ் விதியில 'விஏ' நம்பர் எடுக்கணும்னாலும் அசல் நிலையில இருக்கணும்.

ஓசூர் கியர்:
அந்த விதியில சேஸிஸ், பாடி, இன்ஜின்னுதான் இருக்கு, ஆக்சில்னு இல்லை. அதோட விஏ நம்பர் வண்டியைத் தினசரி ஓட்டவே முடியாது. தீவனம் ஏத்தறவருக்கு அது எதுக்கு?

பாலக்கோடு பிக்கப்:
ப்ரீதர் முழுக்க மண்ணு. பேக்லாஷ் 0.2 வந்துச்சு, கவரை மூடிட்டேன். ஆட்டம் 14 தவ் இருந்தது, சிம் எடுத்து 4-க்குக் கொண்டுவந்தாச்சு. ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் தேடிட்டு இருக்கேன். ஹப் நட்டு இறுக்கறப்ப ஸ்ப்ளிட் பின் துளை சேரலை. கொஞ்சம் லூஸ் பண்ணி பின் போடலாமா?

காவேரிப்பட்டணம் கடைசல்:
லூஸ் பண்ணாதீங்க. இறுக்கற பக்கமாவே போய் அடுத்த துளையைப் பிடிங்க. டேப்பர்ல ஒரு துளி கிரீஸ் இருக்கக்கூடாது, பெட்ரோல் துணியில துடைச்சுக் காய வெச்சுட்டு ஏத்துங்க.

ஓசூர் கியர்:
நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் பின்னைக் கழட்டி அந்த நட்டை மறுபடி இறுக்குங்க. ஃப்ளாஞ்ச் ஷாஃப்ட்டா இருந்தா இந்த வேலை கிடையாது.

காவேரிப்பட்டணம் கடைசல்:
நூறு வேண்டாம், அம்பதுலயே இறுக்குங்க. தொப்பூர் பக்கம் அதுக்கப்புறம் போங்க.