போலி மருத்துவரைப் பிடித்தாயிற்று. இனி எங்கள் ஊருக்கு யார்?

(புனைபெயர்களில் எழுதுகிறவர்களின் விவாதம். ஒவ்வொரு பகுதிக்கு மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மலையடிவாரம்

எங்கள் ஒன்றியத்தில் பல ஆண்டுகளாக ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்துவந்த ஒருவரைப் போன வாரம் போலீசார் கைது செய்தார்கள். பிளஸ் டூ வரைதான் படித்தவராம். சட்டப்படி கைது சரி. ஆனால் ஊர்ப் பெண்கள் திரண்டு காவல் நிலையத்துக்குப் போய் அவரை விடச்சொல்லிக் கேட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் மலைக்குக் கீழே இருக்கிறது. சாயங்காலத்துக்குப் பிறகு பஸ் கிடையாது. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் கதவைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். அவரை அகற்றியது குறித்து எனக்கு வழக்கில்லை. அவர் இருந்த இடத்தில் யாரை வைக்கப்போகிறார்கள்? எம்.பி.பி.எஸ். முடித்தவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம் என்றால், அந்த எம்.பி.பி.எஸ். எங்கள் மலைக்கு என்றைக்கு ஏறிவருவார்?

அவசரப்பிரிவு

அவர் கதவைத் திறந்தார், சரி. திறந்து எதைக் குத்தினார் என்று யாராவது கேட்டீர்களா? நான் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்டவர்களிடம் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முகம் உப்பி, தோல் மெலிந்து, சர்க்கரை ஏறி வருவார்கள். உள்ளே போனது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. மூட்டு வலியும் காய்ச்சலும் அன்றைக்கே அடங்கிவிடும், "கைராசிக்காரர்" என்று பெயர் கிடைக்கும். உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதை மறந்துவிடுவதும், ஊசியைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாவதும் அந்தப் பெண்களுக்கு யார் சொன்னார்கள்?

2018இன் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், பாங்கர்மவ் பகுதியில், முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதாக ஒரு போலி மருத்துவர்மீது வழக்கு. அவரும் வீடு தேடிப்போய், குறைந்த காசுக்கு வைத்தியம் பார்த்தவர்தான்.

பரம்பரைக் கட்டு

ஊசி போடுகிறவரையும் எங்களைப் போன்றவர்களையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறது. மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி. ஆங்கில மருந்து ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இன்று சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்குகிறார்களே, அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது? எங்கள் மாதிரிக் குடும்பங்களின் சுவடியிலிருந்தும் கைப்பழக்கத்திலிருந்தும் வந்தது. 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மைய மன்றச் சட்டம், அன்றைக்குப் பதிவேட்டில் இருந்தவர்களின் உரிமையைக் காப்பாற்றியது. அன்றைக்குப் பதிவு செய்யத் தெரியாமல் காட்டோரம் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குற்றவாளிகள். அறிவை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

அவசரப்பிரிவு

உங்கள் குடும்பத்தின் கைப்பழக்கத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். நகராத சாதாரண முறிவு, தப்பை வைத்து அசையாமல் பிடித்தாலே கூடிவிடும். ஆனால் மரத்திலிருந்து விழுந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் ரத்தக்குழாய் எலும்பை ஒட்டிப் போகிறது. வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும்போது இறுக்கமாகத் தப்பை கட்டினால் முன்கைத் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். பிள்ளை வலி தாங்காமல் அலறும், விரலை நீட்டவிடாது. அந்த அலறலை "கட்டு பிடித்துக்கொண்டது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். பிறகு அந்தக் கை நகம்போல் மடங்கியே நிற்கும், ஆயுள் முழுக்க. வோல்க்மன் சுருக்கம் என்று இதற்குப் பெயர். எக்ஸ்ரே எடுக்காமல், மணிக்கட்டில் நாடியும் பார்க்காமல், இந்த முறிவையும் அந்தச் சாதாரண முறிவையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பரம்பரைக் கட்டு

நாடி பார்ப்பதை எங்களுக்கா சொல்லித்தருகிறீர்கள்? விரல் நுனி வெளுத்தால் கட்டைத் தளர்த்தவேண்டும் என்று என் பாட்டனே சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பது உண்மை. எங்கள் பெயரைச் சொல்லிப் பலகை மாட்டியவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன்: எங்களைச் சோதித்துப் பாருங்கள், எந்த முறிவைத் தொடக்கூடாது என்று பட்டியல் கொடுங்கள், மீறினால் தண்டியுங்கள். சோதிக்கவும் மாட்டோம், பதியவும் மாட்டோம், கைது மட்டும் செய்வோம் என்பதுதான் எரிகிறது.

கறுப்புக்கோட்டு

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, பிரிவு 34: பதிவில்லாமல் நவீன மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு முறையில் பதிவு பெற்றவர் இன்னொரு முறையில் கைவைப்பதும் தவறு. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. பரம்பரை வைத்தியர்கள் கேரளத்திலிருந்து கொண்டுசென்ற வழக்கும் 2018இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பாட்டன் செய்தார் என்பது தகுதி ஆகாது.

அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 32 வேறொரு கதவைத் திறக்கிறது. மருத்துவர் அல்லாத சிலருக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற முறையில் வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம். அவர்கள் எண்ணிக்கை, பதிவு பெற்ற மருத்துவர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆரம்ப நிலைச் சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் மட்டும், குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதிக்கொடுக்கலாம். இதை எதிர்த்துத்தான் அந்த ஆண்டு மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அசாமிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. கிராமப்புற மருத்துவத்துக்காக மாநிலம் 2004இல் ஒரு மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்குச் சட்டம் இயற்றியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. மருத்துவக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய அரசின் அதிகாரம் என்பது காரணம். ஆனால் அதே படிப்பை முடித்தவர்களை மருத்துவர் என்று அழைக்காமல், தனி வகைப் பணியாளராக வைத்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

கிராமச் செவிலி

இவ்வளவு நேரம் ஆண்டவர்போல மருத்துவர் ஒருபக்கம், போலி ஒருபக்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நாங்கள் இருக்கிறோம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் பிறக்கும் குழந்தைகளைக் கையில் ஏந்துவது பெரும்பாலும் செவிலியர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். எங்களில் யாரும் எம்.பி.பி.எஸ். இல்லை.

கட்சிரோலி தெரியுமா? மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அதிகம் பள்ளிக்கூடம் போகாத பெண்கள். பிறந்த குழந்தையை எடைபோட, மூச்சுத் திணறலைக் கவனிக்க, கிருமித் தொற்றுக்கான அறிகுறிகளை எண்ணிப் பார்க்க, பெற்றோர் சம்மதித்தால் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் போடக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில், இந்தத் திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால், பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. இந்த முடிவு 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியே இல்லாத சூழலில் துணைச் செவிலியர் இளங்குழந்தைக்கு ஜென்டாமைசின் போடலாம் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது 2014இல். நடுவே எத்தனை ஆண்டு வீணாயிற்று என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அந்தப் பெண்களுக்கும் கைதான மனிதருக்கும் ஒரே வேறுபாடுதான். அவர்கள் போட்ட ஒவ்வொரு ஊசியும் எழுதிவைக்கப்பட்டது. மேலே ஒருவர் வந்து சரிபார்த்தார். இவருடைய கணக்கை யாரும் கேட்டதில்லை.

அவசரப்பிரிவு

கட்சிரோலியை மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு மருத்துவர்கள் வாழ்நாளைக் கொட்டி நடத்தியது; அரசாணையில் எழுதினால் அப்படியே எல்லா மாவட்டத்திலும் முளைத்துவிடாது. இன்னொரு ஆய்வையும் பாருங்கள். மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தில் பட்டமில்லாமல் வைத்தியம் பார்த்த 304 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது மாதம் பயிற்சி தந்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. சரியான சிகிச்சை கொடுப்பது கூடியது. தேவையற்ற மருந்தும் ஆன்டிபயாடிக்கும் குறையவே இல்லை. மருந்து விற்றுப் பிழைப்பவரிடம் மருந்தைக் குறை என்று பாடம் நடத்தினால் அவர் எப்படிக் குறைப்பார்?

இன்னொன்று என்னை உறுத்துகிறது. சென்னைக்காரனுக்கு எம்.டி., மலைக்காரனுக்கு ஆறு மாதப் பயிற்சி பெற்றவர் என்று பிரித்துவைப்பது எந்த வகை நீதி?

வன்னியூர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிராமத்து மருந்தகங்களைத் தலைமுறையாகத் தாங்கியவர்கள் ஆர்.எம்.பி. எனப்படும் பதிவு பெற்ற வைத்தியர்களும் உதவி மருத்துவ அதிகாரிகளும்தான். முழு மருத்துவப் பட்டமில்லை. ஆனால் பயிற்சி உண்டு, பதிவு உண்டு, அரசுச் சம்பளம் உண்டு. மருந்து விற்று அவர்கள் வயிறு வளர்க்கவேண்டியிருக்கவில்லை. டொக்டர் சொன்ன பிர்பூம் சிக்கலுக்கு விடை இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மலையடிவாரம்

அவசரப்பிரிவு அவர்களே, இந்தியாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பு நாட்டிலிருந்த மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு படித்தவர்கள். 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசுச் சுகாதாரக் குழு ஒரே வகை மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. அந்தப் படிப்பு மறைந்தது. எல்லோருக்கும் ஒரே தரம் என்ற அதே நியாயத்தைத்தான் அன்றும் சொன்னார்கள். எங்களுக்கு உயர்ந்த தரமும் வரவில்லை, இருந்த தரமும் போய்விட்டது.

அவசரப்பிரிவு

அப்படியானால் என் நிபந்தனைகளைச் சொல்கிறேன். அரசுச் சம்பளம். கையில் பன்னிரண்டு, பதினைந்து மருந்துக்கு மேல் கூடாது. ஸ்டீராய்டு ஊசி அதில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு. இரவிலும் பேசக்கூடிய மருத்துவர் ஒருவர் தொலைபேசியில். முன்பு போலியாகத் தொழில் செய்தவர் எவரையும் இதில் சேர்க்கக்கூடாது. இத்தனையும் இருந்தால் எதிர்க்கமாட்டேன்.

கிராமச் செவிலி

கடைசி நிபந்தனை தவிர மற்றவை சம்மதம். தொலைபேசியில் இருக்கும் மருத்துவரின் பெயரும் அந்தப் பதிவேட்டில் எழுதப்படவேண்டும். தவறு நடந்தால் கீழே இருப்பவள் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடாது. இதை ஏற்பீர்களா?

பரம்பரைக் கட்டு

கடைசி நிபந்தனையை நான் ஏற்கவில்லை. தேர்வு வைத்து, தேறாதவரை விலக்குங்கள். தேர்வே எழுதக்கூடாது என்று சொல்லாதீர்கள்.