ஜேசன் உடலில் வரும் மதிப்புக்கு என் கன்வர்ட்டர் இயங்கவில்லை

கேள்வி:
வணக்கம். ஸ்பிரிங் எம்விசி (ஜாவா வலைச்செயலிகளுக்கான கட்டமைப்பு) செயலியில், "12-ஏ" போன்ற சரத்தைப் பகுதிக்குறியீடு என்ற என் வகுப்பின் பொருளாக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றை எழுதி, கன்வர்ட்டர்களைச் சேர்ப்பதற்கான ஆட்ஃபார்மேட்டர்ஸ் முறையில் பதிவு செய்திருக்கிறேன். முகவரியின் வினவல் பகுதியில் மதிப்பு வரும்போது மாற்றம் சரியாக நடக்கிறது. அதே மதிப்பு கோரிக்கையின் ஜேசன் (JSON) வடிவ உடலில் வந்தால் 400 பிழை (கோரிக்கை தவறு என்ற பதில்) கிடைக்கிறது. கன்வர்ட்டருக்குள் நான் வைத்த பிரேக்பாயிண்டை (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) ஓட்டம் தொடுவதே இல்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
உங்கள் பதிவில் தவறில்லை. அப்படிப் பதிவான கன்வர்ட்டர்களை இயக்கும் கன்வர்ஷன் சர்வீஸ் என்பது பாதை மாறிகள், வினவல் மதிப்புகள், படிவப் புலங்கள் ஆகியவற்றுக்கே பயன்படுகிறது; ரெக்வெஸ்ட்பாடி என்று குறித்த உடலை மெசேஜ் கன்வர்ட்டர் என்ற வேறொரு பகுதி வழியாக, ஜேசனைக் கையாளும் ஜாக்சன் நூலகம் படிக்கிறது, அதற்கு உங்கள் கன்வர்ட்டர் இருப்பதே தெரியாது. பெயர்கள் ஒத்திருப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது. சரத்தை ஏற்கும் ஸ்டாட்டிக் முறை ஒன்றை வகுப்பிலேயே எழுதி, பொருளை உருவாக்க அதையே அழைக்குமாறு ஜாக்சனுக்குச் சொல்லும் ஜேசன்கிரியேட்டர் குறிப்பை அதற்கு இட்டு, கன்வர்ட்டரும் அதே முறையை அழைக்குமாறு செய்யுங்கள். தனி டீசீரியலைசர் (ஜேசனைப் பொருளாக்கும் வகுப்பு) எழுதுவதைவிட இதையே நான் விரும்புவேன், ஏனெனில் சரிபார்ப்பு விதி ஓரிடத்தில் மட்டும் இருக்கும்.

மறுமொழி 2:
கன்வர்ட்டரைப் பின்னர் லாம்டாவாக (பெயரற்ற சிறு செயற்கூறாக) சுருக்கினால் கவனம் தேவை. லாம்டாவில் ஜெனரிக் வகைகளின் (எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு மாற்றம் என்பதன்) விவரம் கிடைக்காததால், செயலி தொடங்கும்போதே பிழை எழும்; மூல வகையையும் இலக்கு வகையையும் வெளிப்படையாக ஏற்கும் ஆட்கன்வர்ட்டர் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
ஜேசன்கிரியேட்டர் இட்டதும் இரு வழிகளிலும் மதிப்பு சரியாக வருகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.