ஏஸ் அட்டர்னி (வக்கீலாக வாதாடும் வீடியோ கேம்) முதல் பாகம், மூன்றாவது வழக்கில் நிற்கிறேன்

யாங்கோன் தம்பி:
இங்கே ராத்திரி கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் விளையாட முடிகிறது, அதனால் மெதுவாகத்தான் போகிறது. முதல் வழக்கில் கொலைகாரனைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள், இதில் என்ன மர்மம் என்று சலித்துக்கொண்டேன். ஆனால் யார் செய்தது என்பதைவிட, அவன் பொய் எந்த வரியில் உடைகிறது என்று தேடுவதுதான் ருசி. இந்த மூன்றாவது வழக்கில் சாட்சி சொல்லும் ஸ்டுடியோ காவல்காரக் கிழவிதான் வாயை மூடவே மாட்டேன் என்கிறாள்! இரண்டு தடவை தோற்றாச்சு. தொடரலாமா?

மாண்டலே அண்ணன்:
தம்பி, அவள் சொல்லும் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேள். கேட்பதற்குப் பெரும்பாலும் தண்டனை கிடையாது, தப்பான ஆதாரத்தை நீட்டினால்தான் அடி விழும். நான்காவது வழக்குக்காகவாவது விடாதே.

பழைய விளையாட்டுக்காரன்:
2001இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்தபோது நான்கு வழக்குதான். ஐந்தாவது 2005இல் அடுத்த கருவியான நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காகச் சேர்த்தது, அதனால் நடை கொஞ்சம் வேறாக இருக்கும், நீளமும் அதிகம். அப்புறம், மூலக்கதை நடப்பது ஜப்பானில், ஆங்கிலத்தில்தான் லாஸ் ஏஞ்சலஸ் ஆக்கிவிட்டார்கள்.

யாங்கோன் தம்பி:
அதான் இந்த வழக்கில் அமெரிக்காவில் ஜப்பானிய சாமுராய் நாடகமா என்று முழித்தேன்! சரி அண்ணா, கிழவியை இன்றைக்கே குடைகிறேன், கரண்ட் இருந்தால்.