ஜெபிக்க முடியாமல் இருக்கும் அக்காவுக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம்?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு ஆலோசனை வேண்டும். அத்தான் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார், அக்காதான் ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறு ஆராதனையைத் தவறவே விடாதவள், இப்போது வேதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-ஐச் சொல்லி, விசுவாசம் குறையக்கூடாது என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள் (நல்ல வசனம்தான், அதைச் சொல்ல ஒரு நேரம் வேண்டாமா?).

நான் சங்கீதம் 13 வாசித்துக் காட்டினேன். எதுவரைக்கும் என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்பாரே, அங்கே வந்ததும் அழுதுவிட்டாள். அப்புறம் சங்கீதம் 88, அது கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, அதைக் கொடுத்தால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் சோர்ந்துபோவாளா என்று தெரியவில்லை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). அதனால் சமையலையும் ராத்திரி விழிப்பையும் நான் எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் தூங்குகிறாள்.

இப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், எந்தப் பகுதி உங்களைத் தாங்கியது? துயரத்தின் நடுவிலும் கர்த்தருடைய இரக்கத்தை நம்பச் சொல்லும் புலம்பல் 3 இப்போதே கொடுக்கலாமா? ஜெபிக்கச் சொல்லாமல் சும்மா கூட உட்கார்ந்திருந்தால் போதுமா? மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் அது அவிசுவாசம் என்கிறாள், அதை எப்படிப் பேசிப் புரியவைத்தீர்கள்?