பேசாத பையனின் சத்தங்களை மற்றவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

மதுரை அம்மா:
என் பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். வார்த்தை என்று பார்த்தால் எப்போதாவது ஒரு "ம்மா", அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்கச் சத்தம் உண்டு, மூக்கால் "ஈஈ" என்று இழுப்பான், நாக்கைத் தட்டுவான், தொண்டைக்குள் உறுமுவான். எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடும், அவன் அப்பாவுக்கு ஓரளவு. பள்ளியில் புதிதாக வந்திருக்கும் மிஸ் எல்லாவற்றையும் "அடம்" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார். போன வாரத்திலிருந்து உறுமல் அதிகம், சாயங்காலமானால் காதோரம் கையால் அடித்துக்கொள்கிறான். சத்தத்தைக் கேட்டு அர்த்தம் சொல்லும் ஆப் இருக்கிறது என்கிறாள் என் தங்கை. உண்மையா?

பேச்சுப் பயிற்சி சேலம்:
ஆப் அப்புறம், முதலில் காதைக் காட்டுங்கள். புதிதாக ஒரு சத்தம் கூடி, கூடவே ஒரே இடத்தில் அடித்துக்கொண்டால் அதை நடத்தைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காகவே ஆர்-ஃப்ளாக் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறானா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 10. "வலி வந்தால் இவன் இப்படித்தான் செய்வான்" என்று பெற்றோர் சொல்வதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். டாக்டரிடம் போகும்போது உறுமலை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் பிள்ளைகள் சமர்த்தாகிவிடுவார்கள்!

பாப்பா அப்பா:
அக்கா, என் மகளும் இப்படித்தான். சத்தத்தை மட்டும் கேட்டு அர்த்தம் சொல்லவே முடியாது. ஃபிரிட்ஜ் முன்னால் நின்று "ஆஆ" என்று கடைசியில் குரலை மேலே தூக்கினால் தயிர் வேண்டும், அதே "ஆஆ" ஊஞ்சலில் வந்தால் சும்மா குஷி, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் பள்ளிப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம். என்ன சத்தம், எப்போது வரும், அநேகமாக என்ன அர்த்தம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான். "அநேகமாக" முக்கியம், ஏனென்றால் நாமே ஆசைப்பட்ட அர்த்தத்தை ஏற்றிவிடுவோம். தயிரையும் தண்ணீரையும் சேர்த்து நீட்டுங்கள், எதை எடுக்கிறாளோ அதுதான் பதில். மிஸ்ஸிடம் சண்டை போடாமல் அட்டையைக் கொடுங்கள், வேலை செய்யும்.

கோடர் 77:
ஆப் விஷயம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரீகேன்வோ என்ற ஒலித்தொகுப்பை 2023இல் வெளியிட்டார்கள். பேச்சு மிகக் குறைவான எட்டுப் பேர், 6 முதல் 23 வயது வரை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சத்தங்கள். சட்டையில் மாட்டும் சின்ன ரெக்கார்டர் பதிவு செய்யும், பக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் அந்த நேரமே போனில் "சந்தோஷம்", "எரிச்சல்", "ஏதோ வேண்டும் என்கிறான்", "தனக்குத்தானே பேசுகிறான்" என்று தட்டுவார்கள். கவனியுங்கள், அர்த்தம் சொன்னது அம்மாவும் அப்பாவும்தான், கணினி அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. ஒருவருடைய சத்தம் இன்னொருவருக்குப் பொருந்தாது, அதனால் யார் வீட்டுக்கும் ஒத்துவரும் ஆப் என்று விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

திருச்சி சித்தி:
கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தொட வைக்கும் பயிற்சி ஒன்று சொல்கிறார்களே, எங்கள் தெருவில் ஒரு பையன் பத்தி பத்தியாக எழுதுகிறானாம்?

பேச்சுப் பயிற்சி சேலம்:
வேண்டாம்மா. பையனுக்கு ஒரு படமும் கையைப் பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தபோது, பிடிப்பவர் பார்த்ததுதான் எழுத்தில் வந்தது. அமெரிக்கப் பேச்சு-கேட்டல் சங்கமான ஆஷா 2018இல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அவனாகவே கை நீட்டித் தொடும் படம் என்றால் தாராளமாக. சென்னையில் உருவான ஆவாஸ் ஆப்பில் தமிழும் உண்டு, படத்தைத் தொட்டால் குரல் வரும். "படம் பழகினால் பேச்சு வராது" என்று பயமுறுத்துவார்கள், காதில் வாங்காதீர்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் நம்பகமாகக் கணக்கிட முடிந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடத்தான் செய்தது.

மதுரை அம்மா:
நாளைக்கு ஈ.என்.டி. டாக்டரிடம் போகிறோம், வீடியோ எடுத்துவிட்டேன். பாப்பா அப்பா, அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன், பெயரை மறைத்துவிட்டு.