டிவி இல்லாம 23 நாள் ஆச்சு, புதுசு வாங்கணுமா, இப்படியே விட்டுடலாமா?

தண்டையார்பேட்டை பொண்ணு:

வணக்கம், கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. போன மாசம் அத்தை (மாமியார்) ஹால்ல ஒட்டடை அடிச்சிட்டு இருந்தப்ப கம்பு நழுவி நேரா டிவி மேல விழுந்துடுச்சு. 32 இன்ச், அஞ்சு வருஷம் ஆன டிவி. போட்டா பாதி ஸ்க்ரீன் கருப்பு, மீதியில பச்சைக்கோடு. மெக்கானிக் பாத்துட்டு பேனல் போச்சு, மாத்த 8,000 ஆகும், அதுக்கு மேல கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டு பாக்க வந்ததுக்கு 200 வாங்கிட்டு போயிட்டாரு. கழட்டி பரண்ல போட்டாச்சு. சுவத்துல டிவி இருந்த எடம் மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்ச மாதிரி தனியா தெரியுது. காமெடி என்னன்னா சேர் எல்லாம் இன்னும் அந்த சுவத்த பாத்துதான் கெடக்கு, நாங்களும் அத பாத்துதான் ஒக்காந்து சாப்பிடறோம்.

மொத வாரம் ஒரே பேஜார். ரெண்டாவது படிக்கிற பொண்ணு டெய்லி அழுகை. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல, வீடு அமைதியாயிடுச்சு, பையன் பத்து மணிக்கெல்லாம் தூங்கிடறான், நான் எம்.சி. ரோட்ல துணிக்கடை வேலை முடிஞ்சு ஒம்பதரைக்கு வந்தா பசங்க ரெண்டும் எங்கிட்ட பேசுதுங்க, இதுக்கு முன்னாடி "அம்மா தள்ளு மறைக்குது"ன்னு மட்டும்தான் பேசும்ங்க. அதனால எனக்கு இப்படியே இருந்துடலாமான்னு ஒரு ஆசை. வூட்டுக்காரரு ட்ரெய்லர் ஓட்டறாரு, ஹார்பர் லைன், வாரத்துல ரெண்டு நாள்தான் வீட்ல இருப்பாரு, அவரு இஎம்ஐல 43 இன்ச் எடுத்துடலாம்னு நிக்கிறாரு.

அத்தை ஒன்னுமே சொல்லல. நாலு நாள் பக்கத்து வீட்டுக்கு சீரியல் பாக்க போனாங்க, அஞ்சாவது நாள்லேர்ந்து போகல. கேட்டா கால் வலிங்கறாங்க. டிவியே இல்லாம வருஷக்கணக்கா இருக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா, நெஜமா நல்லா இருக்க முடியுதா?

பழைய கேபிள்காரன்:

யக்கா, நான் கொருக்குப்பேட்டை சைடுல 17 வருஷம் கேபிள் லைன்ல வேலை பாத்தவன், மொட்டமாடி மொட்டமாடியா வயர் இழுத்தவன், அதனால துட்டு கணக்க மட்டும் சொல்றேன்.

டிவி இல்லன்னா கரண்ட் பில்லு கொறையும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. 32 இன்ச் எல்இடி சுமாரா 50 வாட்டு, நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுனாலும் 0.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட். நமக்கு மொத 100 யூனிட் ஃப்ரீ, அதுல இது ஒரு மேட்டரே இல்ல. செலவு கேபிள்லதான். 2019ல டிராய் (டிவி, போன் கம்பெனிங்களுக்கு ரூல் போடற மத்திய அரசு அமைப்பு) புது ரூல் வந்தப்ப நூறு சேனலுக்கு மாசம் 130, ஜிஎஸ்டி சேத்து 153 ரூபா 40 காசு, பே சேனல் (தனியா காசு கட்டி பாக்கற சேனல்) வேணும்னா அதுக்கு தனி. அன்னிக்கு வூடு வூடா போய் எந்த சேனல் வேணும்னு எழுதி வாங்குனது நான்தான், ஒருத்தருக்கும் புரியல, எனக்கே பாதி புரியல, திட்டு மட்டும் முழுசா எனக்கு.

அதுக்கும் முன்னாடி 2003 செப்டம்பர்ல மெட்ராஸ்ல கண்டிஷனல் அக்சஸ்னு ஒன்னு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பாக்ஸ் வாங்குனாதான் பே சேனல்னாங்க. நம்ம ஏரியால முக்காவாசி பேரு வாங்கல, வர்றத பாத்துட்டு கம்முனு இருந்துட்டாங்க. ஒரு வாரம் கத்துனாங்க, அப்பறம் மறந்துட்டாங்க. மறக்கறதுல ஜனம் கில்லாடி.

மாசம் கட்றதுதான் பிரச்சனைன்னா டிடி ஃப்ரீ டிஷ் போட்டுக்கோங்க, ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குனா போதும், மாசாமாசம் கட்ட வேணாம். பட் அத்தை கேக்கற சீரியல் அதுல வராது, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

வியாசர்பாடி 39:

ஆறு வருஷமா என் வூட்ல டிவி கெடையாது. கல்யாணத்துக்கு மாமனாரு தரேன்னாரு, வேணாம்னுட்டேன், இன்னி வரிக்கும் அத சொல்லி காட்றாங்க. ஒன்னியும் ஆவல, நல்லாத்தான் கீறோம்.

உங்க பையன தெருவுல உடுங்க. நம்ம பக்கம் தெருவுக்கு தெரு கேரம் கிளப்பு கீது, போர்டு மேல தகர மூடி போட்டு ஒரு பல்பு தொங்கும், போரிக் பவுடர் வாசன, நாலு பேரு ஆட பதினாலு பேரு நின்னு அட்வைஸ் பண்ணுவானுங்க. அங்க ஒரு மணி நேரம் நின்னா எந்த மேட்ச்சும் வேணாம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்லேர்ந்து போன காசிமா பொண்ணு 2024ல அமெரிக்கால கேரம் வேர்ல்டு கப்புல மூணு தங்கம் அடிச்சிது, அப்பா ஆட்டோ ஓட்றவரு. அந்த மாதிரி கிளப்புலேர்ந்துதான் வந்துச்சு.

ஆனா ஒன்னு, பொய் சொல்லக்கூடாது. டிவி இல்ல டிவி இல்லன்னு நான் பெருமையா பேசுவேன், போன வாரம் என் ஒய்ஃபு என் போன வாங்கி ஸ்க்ரீன் டைம் எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுச்சு, நாலு மணி நேரம் பத்து நிமிஷம். டிவினா வூடே ஒன்னா ஒக்காந்து ஒரு லூசு காமெடிக்கு சிரிச்சோம், இப்போ ஆளுக்கு ஒரு மூலைல தனித்தனியா சிரிக்கறோம். போனையும் சேத்து வெச்சாதான் கணக்கு அக்கா, இல்லாட்டி டிவி போயி குட்டி டிவி நாலு வந்துச்சுன்னு அர்த்தம்.

சேப்பாக்கம் சிங்கம்:

எல்லாம் ஓகே, ஐபிஎல் வந்தா என்ன பண்ணுவீங்க?? 😂

வியாசர்பாடி 39:

டீக்கடை. ஒரு டீ வாங்கி இருபது ஓவர் பாப்பேன். ஓனர் மொறைப்பாரு, இன்னொரு டீ.

திருவொற்றியூர் தாத்தா:

ஏம்மா, எனக்கு 66 வயசு. மெட்ராஸ்ல தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. எங்க தெருவுல மொத டிவி வர அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ஆச்சு, அதுவும் ஒரே வீட்ல. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாக்க தலைக்கு நாலணா வாங்குவாங்க, ஜன்னல் கம்பிய புடிச்சுட்டு நின்னு பாத்தா ஃப்ரீ. நான் கம்பி கோஷ்டி. அதனால டிவி இல்லாம வாழ முடியுமான்னு எங்கள கேட்டா சிரிப்புதான் வரும், பாதி ஆயுசு அப்படித்தானே போச்சு.

2016 டிசம்பர் ஞாபகம் இருக்கா? அஞ்சாம் தேதி சாயங்காலமே சில சேனல்ல ஜெயலலிதா அம்மா போயிட்டாங்கன்னு போட்டு, அப்பறம் இல்லன்னு சொல்லி, கடைசியில நடு ராத்திரிதான் உறுதி ஆச்சு. அன்னிக்கு ஒரு வீட்லயும் டிவிய அணைக்கல, கடையெல்லாம் மூடி, ரோட்ல ஈ காக்கா இல்ல. சரியா ஒரு வாரம், பன்னெண்டாம் தேதி வர்தா புயல் அடிச்சு கரண்டு போச்சு. எங்க தெருவுல அஞ்சு நாள் இருட்டு. போன்ல சார்ஜ் இல்ல, டவரும் இல்ல. எங்கிட்ட ரெண்டு பேட்டரி போடற பழைய டிரான்சிஸ்டர் ஒன்னு, அதுல சென்னை வானொலி 720ஐ வெச்சு திண்ணையில ஒக்காந்தேன், அரை தெருவும் எங்க வாசல்ல. அதுக்கு முந்தின வாரம் டிவி கூவுன கூச்சல்ல தெரியாத சேதியெல்லாம் அதுல நிதானமா தெரிஞ்சுக்கிட்டோம்.

சரி, அதுக்காக டிவி வேணாம்னு சொல்ல வரல. தம்பி வியாசர்பாடி சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். அவருக்கு கேரம் கிளப்பு, டீக்கடை, வேலை எல்லாம் இருக்கு. நீயும் காலைல கெளம்பி ராத்திரி வர்ற, பசங்க ஸ்கூலுக்கு போயிடுது. அந்த அம்மா நாள் பூரா யார்கிட்ட பேசும்? எம் பொஞ்சாதி போனதுக்கப்புறம் நான் டிவிய போட்டுட்டு அடுப்படியில இருப்பேன், என்ன ஓடுதுன்னே தெரியாது, வீட்ல ஆள் சத்தம் வேணும், அவ்ளோதான்.

இன்னொன்னு நீ கவனிச்சியான்னு தெரியல. ஒடைச்சது அவங்க கை. அவங்க எப்படி வாய தொறந்து வாங்கித்தான்னு கேப்பாங்க? அமைதியா இருக்காங்கன்னா வேணாம்னு அர்த்தம் இல்லம்மா.

தண்டையார்பேட்டை பொண்ணு:

பெரியவரே, நீங்க எழுதுன கடைசி ரெண்டு வரிய கடையில பில் போடற எடத்துல நின்னுக்கிட்டு படிச்சேன், ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது எனக்கு தோணவே இல்ல.

நேத்து ராத்திரி அத்தை கூட ஒக்காந்து பேசுனேன். மொதல்ல கால் வலி, கண் வலின்னு சொன்னாங்க, அப்பறம் மெதுவா வந்துச்சு. பக்கத்து வீட்ல ஒன்னும் சொல்லலயாம், ஆனா இவங்க போற நேரம் அவங்க சாப்பிடற நேரம், இவங்கள வெச்சுக்கிட்டு தட்டு எடுக்க முடியாம அந்த அக்கா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துச்சாம். அதான் நிறுத்திட்டாங்க. அதுவும் இல்லாம சீரியல் கதை செவுரு வழியாவே கேட்டுடுதாம் (எங்க ஹவுசிங் போர்டு செவுரு அப்படி).

இன்னொன்னு சொன்னாங்க, அதான் எனக்கு பக்குனு ஆச்சு. காலைல பக்தி பாட்டு முடிஞ்சா சுகர் மாத்திரை, ராத்திரி எட்டு மணி சீரியலோட டைட்டில் பாட்டு வந்தா பிரஷர் மாத்திரை, அப்படித்தான் இத்தன வருஷம் போட்டுட்டு வந்திருக்காங்க. கடிகாரம் பாக்க தெரியாது அவங்களுக்கு. டிவி போனதுலேர்ந்து ராத்திரி மாத்திரைய பாதி நாள் விட்டிருக்காங்க. அட்டைய எண்ணிப் பாத்தேன், பதினோரு மாத்திரை கூடுதலா இருக்கு. 23 நாள்ல பதினொன்னு. நான் வீடு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

2006 எலெக்ஷனுக்கு அப்பறம் குடுத்த கலர் டிவிய அத்தைதான் ரேஷன் கார்டோட க்யூல நின்னு வாங்கிட்டு வந்தாங்க, அத பத்தியே ஒரு அர மணி நேரம் பேசுனாங்க, அந்த டிவி மேல ஒரு தூசி இருக்க விட மாட்டேன்னு. ஒட்டடை அடிச்சதும் அந்த பழக்கம்தான் போல.

இப்போதைக்கு என்ன பண்ணேன்னா இன்னிக்கு காலைல ஒரு சின்ன ரேடியோ வாங்கி வெச்சேன், பையன் என் பழைய போன்ல மாத்திரை டைமுக்கு ரெண்டு அலாரம் செட் பண்ணி குடுத்தான், ரெண்டுக்கும் சாமி பாட்டு ரிங்டோன். டிவி பொங்கலுக்குள்ள வாங்கிடறோம், ஆனா ஹால்ல இல்ல, அத்தை கட்டில் இருக்கற ரூம்ல, 32தான், 43 கெடையாது. வூட்டுக்காரரு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காரு, அந்த ரூம்ல 43 மாட்ட செவுரு பத்தாதுன்னு டேப் வெச்சு அளந்து காட்டிட்டேன்.

கேபிள்காரண்ணா, அந்த ரூமுக்கு வயர் இழுக்கணும்னா பால்கனி பக்கமா கொண்டு வரலாமா, செவுத்துல ஓட்ட போடணுமா?

பழைய கேபிள்காரன்:

பால்கனி பக்கம் ஜன்னல் சட்டத்துல இடுக்கு இருந்தா அதுலயே வரும், ஓட்ட வேணாம். ஜன்னல போட்டோ எடுத்து போடுங்க யக்கா, பாத்துட்டு சொல்றேன்.