முதலாண்டு மாணவர்களுக்குப் பாலியல் நல வகுப்பு: 2 மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

தமிழ்த்துறை_மிஸ்:
வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் செஞ்சுருள் சங்கப் பொறுப்பு (எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பு, ரெட் ரிப்பன் கிளப்) என்னிடம். முதலாண்டில் 180 பேர், இருபாலரும். குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று பஸ்ஸில் வந்து போகிறவர்கள், 4 மணிக்கு மேல் ஒருவரும் நிற்க மாட்டார்கள். வழக்கமாக ஒரு டாக்டர் வந்து ஸ்லைடு போடுவார், கடைசியில் "டவுட் இருக்கா?" என்றதும் ஹாலே தலையைக் குனிந்துகொள்ளும். இதை எப்படி மாற்றுவது? ஆண், பெண் தனித்தனியாக உட்கார வைக்கவா? ஆணுறை செய்முறை காட்டலாமா?

ஆலோசகர்_அடுக்கம்பாறை:
மிஸ், 180 பேர் ஒரே ஹாலில் என்பதை முதலில் விடுங்கள். 30 பேராக 6 அறை. பேச ஆள் போதாது என்றால் 2 நாளாகப் பிரியுங்கள்.

வகுப்பு நடப்பதே கேள்விச் சீட்டை வைத்துத்தான். 10 நாள் முன்பே எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுங்கள். எல்லாரும் எழுதியாக வேண்டும், கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்றாவது எழுத வேண்டும். இல்லாவிட்டால் பேனா எடுத்தவன் யார் என்று பக்கத்து பெஞ்ச் பார்த்துவிடும், அப்புறம் ஒருத்தரும் எழுத மாட்டார்கள். பெட்டிக்குப் பூட்டு. திறப்பவர் வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது, கையெழுத்து தெரிந்துவிடும். யாராவது ஒருவர் தட்டச்சு செய்த பிறகு, ஆபத்தைச் சொல்லும் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் கிழித்துவிடுங்கள்.

கொச்சை வார்த்தையில் வரும் சீட்டை வெட்டாதீர்கள். அந்தப் பையனுக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். அதை ஒருமுறை வாசித்து, "இதற்குப் பாடப்புத்தகச் சொல் ஆண்குறி" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு மேலே போங்கள். சிரிப்பு அரை நிமிடத்தில் அடங்கும்.

தனித்தனியாக முக்கால் மணி, பிறகு சேர்த்து அரை மணி. ஆனால் இரு பாலருக்கும் பாடம் ஒன்றே. மாதவிடாயைப் பையன்களுக்கும் சொல்ல வேண்டும், ஆணுறையைப் பெண்களுக்கும் சொல்ல வேண்டும். சம்மதம், போட்டோவை வைத்து மிரட்டுவது, இந்த இரண்டும் சேர்ந்திருக்கும்போது பேச வேண்டியவை.

பால்வினை_டாக்டர்:
பையன்கள் சீட்டில் பாதிக்கு மேல் கைப்பழக்கம்தான் வரும், தயாராக இருங்கள். "ஒரு சொட்டு விந்து 40 சொட்டு ரத்தம்" என்பது கட்டுக்கதை. ஒருமுறை வெளிப்படுவது சுமார் 1.5 முதல் 5 மில்லி, அதிலும் பெரும்பங்கு சுரப்பி நீர். விந்தணு உற்பத்தி ஓய்வில்லாமல் நடக்கிறது. சேமித்து வைக்கவும் முடியாது, தீர்ந்துபோகவும் செய்யாது. சிறுநீர் வெள்ளையாகப் போனால் அது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பஸ் ஸ்டாண்ட் சுவரில் "ஆண்மைக் குறைவா?" என்று நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்களின் பிழைப்பே இந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. அப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெண்கள் பக்கம் வெள்ளைப்படுதல். சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வருவது இயல்பு, "உடம்பு சூடு" அல்ல. தயிர்த் திப்பி போல அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பச்சையாகவோ கெட்ட வாடையோடோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெட்டால் ஊற்றி உள்ளே கழுவுவது நிலைமையைக் கெடுக்கும், அங்கே இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

ஆணுறை செய்முறை கட்டாயம் காட்டுங்கள், ஆனால் வாழைப்பழம் வேண்டாம். அதோடு வகுப்பு முடிந்துபோகும். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) மாதிரி உறுப்பு இருக்கும், ஆலோசகரையே கொண்டுவரச் சொல்லுங்கள். தேதியைப் பார்த்து, பாக்கெட்டை அழுத்தி உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்லால் கிழிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிப் பிடித்து அடிவரை உருட்ட வேண்டும். முடிந்ததும் விறைப்பு அடங்குவதற்குள் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிக் கட்டம். தேங்காய் எண்ணெய் ரப்பரை அரித்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உரசிக் கிழியும். வேலூர் வெயிலில் பைக் சீட்டுக்கு அடியிலோ பர்ஸிலோ மாதக்கணக்கில் கிடந்தது உதவாது.

கிழிந்துபோனால் அவசர கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஏற்கெனவே தரித்த கருவை அது கலைக்காது. நம்மூர் மெடிக்கல்களில் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 5 நாளுக்குள் காப்பர் டி (கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்) போட்டாலும் பலன் உண்டு.

லேப்_டெக்னீஷியன்:
எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போது ஊரிலிருந்தே தொடங்கலாம். 1986இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தது இங்கே வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்தில்தான். அதற்குப் பிறகு மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சொல்ல வேண்டியது: நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது (2017ஆம் ஆண்டுச் சட்டம்). தொற்றிய மறுநாளே சோதித்தால் ஒன்றும் தெரியாது, 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆபத்தான தொடர்பு நடந்த உடனே வந்தால் தடுப்பு மருந்து உண்டு: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று திங்கட்கிழமை வரை காத்திருந்து வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. எச்.ஐ.வி. உதவி எண் 1097ஐ அனைவரும் போனில் பதிந்துகொள்ளட்டும்.

சட்ட_உதவி_சத்துவாச்சாரி:
டாக்டர் சொன்னதெல்லாம் சரி, ஒன்று விட்டுப்போனது. முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் நிறைய. 18க்குக் கீழ் என்றால் சம்மதம் இருந்தாலும் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) பொருந்தும். சீட்டில் ஒரு மாணவி "மாமா இப்படிச் செய்கிறார்" என்று எழுதியிருந்து, அவளுக்கு 17 என்றால் நீங்கள் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும், பிரிவு 19. தெரிந்தும் சொல்லாதது பிரிவு 21இன்படி குற்றம். ஆகவே "எல்லாம் ரகசியம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உதவி தேட வேண்டியிருக்கும்" என்று சீட்டு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெயர் இல்லாத சீட்டில் எழுதியவரைத் துருவித் தேடுவது அந்தப் பெண்ணை மேலும் ஒடுங்க வைக்கும். வகுப்பில் 1098 (குழந்தைகள் உதவி), 181 (பெண்கள் உதவி) எண்களைச் சொல்லி, தனியாகப் பேச ஒரு அறையும் நேரமும் அறிவியுங்கள்.

கருக்கலைப்பு பற்றிக் கேட்டால்: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். திருமணம் ஆகவில்லை என்று மறுக்க முடியாது, 18 நிறைந்த பெண்ணுக்கு அவள் ஒப்புதல் மட்டுமே போதும்.

தமிழ்த்துறை_மிஸ்:
மிக்க நன்றி. பெட்டியைத் துறை வாசலில் வைக்கலாம் என்றிருக்கிறேன். தனியாகப் பேசும் அறை என்றால் முதல்வர் அறைக்குப் பக்கத்து அறைதான் காலி.

ஆலோசகர்_அடுக்கம்பாறை:
இரண்டும் வேண்டாம் மிஸ். துறை வாசலில் கேமரா இருக்கும், முதல்வர் அறைப் பக்கம் எந்தப் பிள்ளையும் வராது. சீட்டை வகுப்பறையிலேயே வாங்கிவிடுங்கள். தனிப் பேச்சுக்கு நூலகத்தில் ஒரு மூலை, மதிய இடைவேளை. நூலகத்துக்குப் போனால் ஏன் போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.